தோல் தொட்ட கை

பண்ணையார் குற்றாலநாதன் தன்னுடைய தோல் அட்டைப் புத்தகங்களை யாருக்கும் விற்கமாட்டார். வாசலைத் தாண்டவும் விடமாட்டார். ஒன்றின் அட்டை பிய்ந்துபோகவே, செருப்புத் தைக்கும் சடையனை வரவழைத்தார்.

அன்று வந்திருந்த விருந்தாளிகள் கூடத்தில் ஆளுக்கொரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பண்ணையார் பிய்ந்ததை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, வாசலில் நின்ற சடையனிடம் சொன்னார்:

"தோலைத் தொடுற கை இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. புத்தகமும் வெளியே வராது. ஆனா இன்னைக்கே தைச்சாகணும். இல்லேன்னா சந்தையில நீ கடை போட முடியாது."

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"தைச்சிடலாம் சாமி," என்றார் சடையன். "தோலைத் தொட்ட கை உள்ளே இருக்கக்கூடாதுன்னா, முதல்ல நீங்க வெளியே வாங்க. உங்க மடியில இருக்கிறது கன்னுக்குட்டித் தோல்."

விருந்தாளிகள் புத்தகங்களை மெதுவாக மேசையில் வைத்தார்கள். பண்ணையாருக்கு மடியிலிருந்ததைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"உள்ளே வந்து தை," என்றார்.