சேனைக்கு ஊற்றிய தண்ணீர்

கேளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே. ஊருக்கொரு ராஜா இருந்த காலம் அது. ராஜா நமக்கு வேண்டாம், அவர் சாப்பிட்டுத் தூங்கட்டும். பொருநை ஆற்றங்கரையில் வண்ணமுத்து என்றொரு ஓடக்காரன் இருந்தான். இது அவன் கதை.

அவன் மனைவி பூரணம். அவள் வைத்த கிழங்கு விளையாமல் போனதில்லை. அந்தச் சித்திரையில் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, சாம்பலும் சாணமும் கலந்து சேனை வைத்தாள். மகள் பிரமாச்சியை அப்போதுதான் அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் படி கொண்டுபோக வேண்டுமே, கிழங்கு இல்லாமல் படியா?

"எம் மவளுக்கு நான் வச்ச சேனைதான் போவணும்" என்று பூரணம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

மார்கழி பிறந்தது. பூரணம் காய்ச்சலில் விழுந்தாள். அதே சமயம் குடைபோல் நின்ற சேனை இலையும் மஞ்சளாகித் தொங்கியது.

வண்ணமுத்துவுக்கு ஆறு தெரியும், மண் தெரியாது. செடி பிழைத்தால் இவளும் பிழைப்பாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவள் கஞ்சி வேண்டாம் என்ற அன்று செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான்.

"ஊத்தாதிய. எல காஞ்சாத்தான் அடியில கெழங்கு முத்தும். அதுக்குத் தாகம் இல்ல" என்றாள் பூரணம்.

"நீ சும்மா கெட. ஒன்னையும் காயவிட மாட்டேன், அதையும் காயவிட மாட்டேன்."

அவளால் எழுந்து உட்கார முடியாத அன்று ஒரு குடம் ஊற்றினான். அவள் பேச்சு நின்ற அன்று அழுதுகொண்டே இன்னொரு குடம் ஊற்றினான். அன்று சாயங்காலமே பூரணம் போய்விட்டாள்.

இழவு வீட்டில் பொங்கல் ஏது? படியும் கிடையாது. ஆனாலும் துக்கத்துக்கு வந்திருந்த பிரமாச்சி, "அம்மா வச்சதை எடுங்கய்யா, பாக்கணும்" என்றாள். வண்ணமுத்து தோண்டினான். குழிக்குள் நாற்றம்தான் இருந்தது. கிழங்கு முழுக்க அழுகிக் கூழாகிக் கிடந்தது.

"காஞ்சிருமேன்னு ஊத்துனேன் தாயி" என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான்.

மகள் ஏசவில்லை. ஓரத்தில் அழுகாமல் ஒட்டியிருந்த ஒரு குட்டிக் கிழங்கைச் சேலை முந்தியில் முடிந்து, அக்கரைக்குக் கொண்டுபோய் நட்டாள்.

மறு மார்கழியில் வண்ணமுத்து மகளைப் பார்க்கப் போனான். சேனை இலை மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், அவன் கை தானாகக் குடத்துக்குப் போனது. பிரமாச்சி குடத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அப்பனும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இலை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலன்று அவள் கிழங்கை வேகவைத்து இலையில் வைத்தாள். "அம்மா கெழங்கு, சாப்பிடுங்கய்யா." அவனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்பு வைத்தவர்களுக்கு ஊற்றத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்.