பாதியில் நின்ற உதை

தலைக்கு நேராகப் போன கால், ஒரு விரற்கடை தூரத்தில் அந்தரத்திலேயே நின்றுபோவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஜோவிட்டாவின் கால் அப்படித்தான் நின்றது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

டேக்வாண்டோ தகுதிப் போட்டி. ஆளுக்கொரு சுற்று ஆயிற்று. இனி மூன்றாவது சுற்றுதான். ஜெயித்தால் ஒலிம்பிக். தோற்றால் ஊர். இருபத்தொன்பது வயதில், இன்னொரு நான்கு வருடத்துக்கு அவள் முழங்கால் தாங்காது.

அவளுடைய மாஸ்டர் இசக்கியம்மாளுக்கு அவளைவிட ஐந்து வயது குறைவு. கால் நரம்பு அறுந்து, ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்க வந்தவள். இவள் அவளை மாஸ்டர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

"என்னாச்சுக்கா? சண்டிமாடு மாதிரி கால் நின்னுக்குது?"

"அவ வந்துட்டா மாஸ்டர்."

"யாரு?"

"நோதிரா. அந்தப் பொண்ணுக்குப் பின்னாலேயே நிக்கிறா. அதே சிவப்பு ஹெல்மெட். நான் காலைத் தூக்கினா அவ தலையிலதான் விழும்."

ஆறு வருடத்துக்கு முன்னால், முதல் சுற்றிலேயே ஜோவிட்டாவின் உதையில் வாழைமரம்போல் சாய்ந்த வெளிநாட்டுக்காரி நோதிரா. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதன்பின் அவள் களத்துக்கு வரவே இல்லை.

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"செத்துட்டாளா?"

"ஐயோ, இல்ல! அவ ஊர்ல பேக்கரி வெச்சிருக்கா. மகனுக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு போன மாசம் படம் அனுப்பினா."

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

ஜோவிட்டாவுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. நோதிரா என்று நினைத்திருந்தவரைக்கும் இவ்வளவு பயம் இருந்ததில்லை.

"முகம் எப்படிக்கா இருக்கு? கோவமா? அழுகையா?"

"பார்த்ததில்ல. சிவப்பு தெரிஞ்சதுமே கண்ணை எடுத்துருவேன்."

"ஆறு வருஷமாவா?"

"ம்."

"நல்ல ஆளுக்கா நீங்க! வாசல்ல ஒருத்தி ஆறு வருஷமா நிக்கிறா, யாருன்னு எட்டிப் பார்க்கல?"

நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாவது சுற்று. இரண்டு புள்ளி பின்தங்கினாள் ஜோவிட்டா. தலையில் ஒரு உதை பட்டால் மூன்று. இருபது விநாடி இருக்கும்போது கால் எழும்பியது.

நின்றது.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து கார்டைத் தூக்கிக் காட்டினாள். தலையில் பட்டது, வீடியோவைப் போட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். கேட்டது தப்பானால் கார்டு போய்விடும். இருப்பதோ ஒரே கார்டு.

எதிர்ப்பக்கத்துக் கோச் சிரித்தார்.

"படலையே மாஸ்டர்!"

"தெரியும்."

"பின்ன ஏன்?"

மாஸ்டர் ஜோவிட்டாவுக்குப் பெரிய திரையைக் காட்டினாள்.

திரையில் அவள் கால், தண்ணீருக்குள் எழும்புவதுபோல் மெல்ல மெல்ல எழும்பியது. எதிராளி மெல்லத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் சிவப்பு.

ஜோவிட்டாவின் தலை தானாகத் திரும்பியது.

"கண்ணை எடுக்காதீங்க!"

பார்த்தாள்.

ஆறு வருடத்துக்கு முந்திய அதே நோதிராவின் முகம். அதில் கோபமில்லை. அழுகையுமில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, வெறுங்காலில் நுனிவிரல்மேல் குதித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றுக்கு மணி அடிக்கக் காத்திருக்கிறவள் எப்படிக் குதிப்பாளோ, அப்படி.

திரையில் மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. அந்தக் குதிப்பு மட்டும் மெதுவாகவில்லை.

அரங்கத்தில் வேறு யார் கண்ணிலும் அந்தச் சிவப்பு பட்டதாகத் தெரியவில்லை. நடுவர் கையை அசைத்தார். படவில்லை. கார்டு போயிற்று.

ஜோவிட்டா தன் இடத்தில் வந்து நின்றாள். எதிராளியின் தோளுக்கு மேலே, நேராகப் பார்த்தாள். அங்கே பாய் மெத்தென்று அமுங்கி எழும்பும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது.

"இந்தா, இங்க பாரு," என்றாள் தமிழிலேயே. "முதல்ல இவ. அப்புறம் நீயும் நானும். அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லேன்."