வெயில் இல்லாத ராஜ்ஜியம்

செங்காட்டுக்கோட்டையில் ஒரு வருஷம் ராஜா கோடையையே ரத்து செய்துவிட்டார். கேலி இல்லை, தண்டோரா போட்டே ரத்து செய்தார்.

யோசனை தளவாய் ரணசூரருடையது. அந்த மனிதர் போர்க்களம் பார்த்ததைவிடப் பந்தி பார்த்ததுதான் அதிகம். ராஜா பூபாலராயருக்கோ தன் பெயரில் ஒரு வெற்றித் தோரணம் வேண்டும், அதுவும் வைகாசி முடிவதற்குள். எந்தப் போரில் வெற்றி என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கத்திரி வெயிலில் கல் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழ, வேலை நின்றது. எல்லாம் சோம்பேறிகளின் நடிப்பு என்று தளவாய் ராஜாவின் காதில் ஓதினார். உடனே உத்தரவு பிறந்தது: இந்த ராஜ்ஜியத்தில் வெயில் கிடையாது. வெயில் என்று சொன்னாலும், மயங்கி விழுந்து நடித்தாலும் பன்னிரண்டு கசையடி.

முதலில் மாட்டியவள் கல் சுமக்கும் மாடத்தி. ராஜாவைச் சிரிக்க வைப்பதே வேலையாக இருந்த விதூஷகன் தாண்டவன் ஓடிப் போய்ப் பார்த்தான். வியர்வைகூட நின்றுபோய் உடம்பு அனலாகக் கொதித்தது. அவளை நிழலுக்குத் தூக்கி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு விசிறினான். நினைவு திரும்பிய பிறகு நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான்.

"நாளைக்கு உச்சியில அடிக்கப் போறாங்களாம்யா. ஒரு அடிகூடத் தாங்க மாட்டேன்," என்றாள்.

தாண்டவன் நேராக அரண்மனைக்குப் போனான். அங்கே ராஜா வெட்டிவேர்த் தட்டிக்குப் பின்னால் நுங்கு தின்றுகொண்டிருந்தார். வெயிலே இல்லாத ராஜ்ஜியத்தில் நுங்குக்கு மட்டும் என்ன வேலையோ! தாண்டவன் உத்தரவை வாயாரப் புகழ்ந்தான். இப்பேர்ப்பட்ட தண்டனையைத் தளவாயே முழு உடுப்பில் முன்னின்று நடத்த வேண்டும், அதற்குமுன் மகாராஜாவின் பட்டங்களை முறைப்படி வாசிக்க வேண்டும் என்றான். பட்டம் வாசிக்கும்போது யாரும் அசையக் கூடாது, உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. அது கோட்டை வழக்கம். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. வெல்வெட் அங்கி, இரும்புக் கவசம், இருபது முழத் தலைப்பாகை சகிதம் தளவாய் மைதானத்தில் நின்றார். மகாராஜாவின் பட்டங்களைக் கேட்கக் குற்றவாளிக்கு அருகதை இல்லை என்று சொல்லி, மாடத்தியைக் கல்மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டான் தாண்டவன். பிறகு வாசிக்க ஆரம்பித்தான். இருந்த பட்டங்கள் பதினெட்டு. அவன் அவற்றை அறுபதாக நீட்டி வைத்திருந்தான். உப்பரிகையில் குடைநிழலில் இருந்த ராஜா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நாற்பத்து மூன்றாவது பட்டத்தில் தளவாய் தடாலென்று விழுந்தார்.

ராஜா பதறி இறங்கி வந்தார். அரண்மனை வைத்தியர் நாடியைப் பிடித்தார், வாயைத் திறந்தார், கசையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"வெயில்தான் இங்கே கிடையாதே," என்றான் தாண்டவன். "அப்படியானால் இது குளிர்ஜுரம். ஏழு கம்பளி கொண்டுவாருங்கள். பக்கத்தில் நெருப்பு மூட்டுங்கள்."

முதல் கம்பளி மேலே பட்டதுமே தளவாய் கண்ணைத் திறந்தார்.

"ஐயோ, வெயில்! வெயில்தான்டா பாவிகளா! தண்ணி குடுங்கடா!"



தாண்டவன் ராஜாவைக் கும்பிட்டான். "விழுந்ததற்குப் பன்னிரண்டு, சொன்னதற்குப் பன்னிரண்டு. ஆக இருபத்து நான்கு. மாடத்திக்குப் பன்னிரண்டுதான். யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம் அரசே?"

ராஜாவுக்கு முதலில் முகம் கறுத்தது. பிறகு சிரிப்பு பீறிட்டது. அங்கேயே உத்தரவைக் கிழித்துப் போட்டார். இனி வேலை காலையிலும் சாயங்காலமும் மட்டும், உச்சிவேளையில் எல்லோருக்கும் நிழலில் ஓய்வு என்று புதிய தண்டோரா போனது. தாண்டவன் பரிசாகக் கேட்டது ஒரு நீர்மோர்ப் பந்தல். மோர் ஊற்றும் வேலையைத் தளவாய்க்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினான்.

நாலு நாள் கழித்து, தேறி வந்த மாடத்தி பந்தலுக்குப் போனாள். தளவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோரை ஊற்றினார். அவள் நிதானமாகக் குடித்து முடித்து, செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சாமி, கொஞ்சம் நிழலுக்குள்ள தள்ளி நின்னு ஊத்துங்க. மறுபடியும் நடிச்சிரப் போறீங்க."