எழுந்திருக்கும் நேரம்

"நாடகத்துக்கு முடிவே வரல, டீச்சர். சாயங்காலம் எப்படி ஆடுறது?" என்றார் லிங்கம்.

ரெஜினா சந்தைத் திடலைக் கூட்டிக்கொண்டிருந்தார். லிங்கத்தைவிட வயதில் சிறியவர். ஆனால் லிங்கத்துக்கு நடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பக்கத்து ஊரில் பட்டாசு ஆலை வெடித்திருந்தது. செத்தவர்களின் குடும்பங்களுக்காக ஒரே ராத்திரியில் கட்டிய நாடகம்.

"எப்பவும் போல முடிங்க," என்றார் ரெஜினா.

எப்பவும் என்றால், கதையில் செத்தவன் கடைசியில் எழுந்து கும்பிடுவான். அவனே துண்டேந்திக் காசு கேட்டுக் கூட்டத்தைச் சுற்றி வருவான். இந்தக் குழுவில் அதுதான் வழக்கம். இன்று செத்தவன் லிங்கம்.

"மாடத்தி வர்றாங்களாம். அந்த ஆலையிலதான் அவங்க புருஷன் போனாரு. அவங்க கண்ணு முன்னாடி செத்துக் கிடந்துட்டு, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்திருக்கவா?"

"எழுந்திருக்காதீங்க."

"அப்ப துண்டு? அவங்க வீட்டுல அடுப்பு எரியணுமே?"

"எரியணும்."

"அப்ப எழுந்திருக்கணுமே?"

"எழுந்திருங்க."

தப்புப் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்த சேவுகன் சிரித்தார். "சாகுறதுக்கு இவ்வளவு யோசிக்கிற ஆளை இப்பதான்ணே பாக்குறேன்."

லிங்கம் சிரிக்கவில்லை. "ஆட்டத்தை நிறுத்திடலாம், டீச்சர்."

"ஆட்டம் உண்டு. உங்களுக்குச் சாகத் தெரியும்ல? அதை ஒழுங்கா செய்யுங்க."

ரெஜினா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு திடலின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

மாலையில் கூட்டம் வட்டமாக நின்றது. முன்னால் மாடத்தி, இடுப்பில் குழந்தையோடு.

தப்பு அதிர்ந்தது. லிங்கம் விழுந்தார். யாரோ சிவப்புத் துண்டை அவர் முகத்தில் போட்டார்கள். தப்பு நின்றது.

எழுந்திருக்க வேண்டிய நேரம்.

லிங்கம் எழவில்லை. துண்டின் இழைகளுக்கு நடுவே ரெஜினா மங்கலாகத் தெரிந்தார். சைகை எதுவும் வரவில்லை. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, யாரும் போகவும் இல்லை. சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கடந்தது. முதுகில் ஒரு கல் குத்தியது. அசையாமல் கிடந்தார்.

மண்ணில் காலடிச் சத்தம். துண்டு விலகியது.

குழந்தையை இடுப்பில் சரித்தபடி மாடத்தி குனிந்து நின்றாள்.

"எந்திரிங்கண்ணே. வீட்டுல தேடுவாக."

லிங்கம் எழுந்தார். துண்டுக்காகக் கை நீட்டினார்.

மாடத்தி ஒரு முனையை மட்டும் கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்தபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.