ஆயிரம் விருந்தாளிகள்

சேபா நாட்டு அரசிக்குக் கழுதைக் கால் இருந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இது பெரும் பிழை. வேதம் எதிலும் குளம்பு பற்றிய குறிப்பே இல்லை. பிற்காலத்தில் யாரோ மாட்டிவிட்ட குளம்பு அது.

இன்னொரு பிழையும் உண்டு. எருசலேம் அரசரின் கடிதம் வந்தபோது அவளுடைய தளபதிகள் எல்லாரும் போர் கேட்டார்கள் என்பது. அவர்கள் கேட்கவில்லை. தங்கள் தோள்வலியை ஒருமுறை நினைவூட்டிவிட்டு, முடிவை அவளிடமே விட்டுவிட்டார்கள்.

போர் வேண்டும், பழி வேண்டாம் என்பவர்கள் எந்த நாட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள்.

வாய்விட்டுக் கேட்டவன் ஒருவன்தான். தலைமைத் தளபதி யரீம். அரசியைவிட இருபது வயது மூத்தவன். ஆனாலும் அவள் முடிசூடிய நாள் முதல் அவளையே ஆசானாக ஏற்றிருந்தான். நரைத்த தாடியோடு மாணவனாக இருப்பதில் அவனுக்குக் கூச்சமில்லை.

பொறுமை மட்டும் இல்லை.

"தாயே, ஒரு கொண்டலாத்திக் குருவி கொண்டுவந்து போட்ட கடிதம். பணிந்து வா என்கிறது. மூன்று நாளாக உங்கள் மடியில் கிடக்கிறது. ஏன் தயங்குகிறீர்கள்?"

"போருக்குப் போனால் என்ன கிடைக்கும், தளபதி?"

"வெற்றி. என்னிடம் பன்னிரண்டாயிரம் ஈட்டிகள் இருக்கின்றன."

"அவரிடம்?"

"எண்ணிப் பார்த்துவிட்டா சண்டைக்குப் போவார்கள்?"

அரசி கடிதத்தை மடித்தாள்.

"பயமா, தாயே?"

சபையில் எல்லாரும் அரசியின் பக்கம் திரும்பினார்கள். இதைவிடச் சின்னச் சொல்லுக்கு அந்த மண்டபத்தில் தலைகள் விழுந்திருக்கின்றன.

அரசி கடிதத்தை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

"உங்கள் சொந்த ஊர் தல்ஹான்தானே?"

"ஆமாம்."

"நாளை ஆயிரம் வீரர்களோடு அங்கே போங்கள்."

யரீமின் முகம் வெளுத்தது. "என் ஊர் என்ன குற்றம் செய்தது?"

"ஒன்றுமில்லை. விருந்துக்குப் போங்கள். விடிந்ததும் நுழையுங்கள், பொழுது சாயும் முன் வெளியேறிவிடுங்கள். யாரும் வாளை உருவக் கூடாது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. எதுவானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். திரும்பி வந்து நீங்கள் போர் என்று சொன்னால், போர்."

"வாக்கு மாற மாட்டீர்களே?"

"இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

யரீம் சிரித்துவிட்டான். மற்ற தளபதிகள் அன்று மாலையே வாள்களைத் தீட்டக் கொடுத்துவிட்டார்கள்.

தல்ஹான் சின்ன ஊர். ஒரே ஒரு குளம். பெரிய அணையிலிருந்து முறை வைத்துத்தான் அதற்குத் தண்ணீர் வரும்.

ஊர்த் தலைவன் ஷமிர், யரீமின் தம்பி. எள்ளும் பேரீச்சையும் நிறைந்த தட்டோடு வாசலில் வந்து நின்றான். அண்ணனுக்குப் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"எல்லாரும் வாருங்கள்" என்றான்.

வீரர்கள் கட்டுப்பாடு தவறவில்லை. ஒரு வாள்கூட உறையைவிட்டு வெளிவரவில்லை. யரீம் தானே ஊரைச் சுற்றிவந்து பார்த்தான். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

நண்பகலில் குளக்கரைக்கு வந்தான். அங்கே ஷமிர் வாளி வாளியாக இறைத்து ஒரு சிப்பாயின் குதிரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நீ ஏனடா இதைச் செய்கிறாய்? யார் உன்னை ஏவியது?"

"யாரும் ஏவவில்லை, அண்ணா."

"பிறகு?"

"ஆயிரம் ஈட்டி நிற்கும்போது யாராவது ஏவ வேண்டுமா?"

யரீம் வாளியைப் பிடுங்கினான். உள்ளே பாதி சேறு.

"உங்கள் ஆட்கள் தங்கமானவர்கள்" என்றான் ஷமிர். "கேட்காமல் ஒருவரும் குடிக்கவில்லை. குடித்த எல்லாரும் நன்றி சொன்னார்கள்."

குளத்தின் நடுவில் தரை தெரிந்தது. படையோடு வந்த நானூறு ஒட்டகங்கள் அப்போதுதான் குடித்து முடித்துத் தலையைத் தூக்கின. வரப்பு ஒருவர் நடக்கும் அகலம்தான், வீரர்கள் இருவர் இருவராக நடந்து வந்திருந்தார்கள். சோளப் பயிர் அந்த அகலத்துக்குப் படுத்துக் கிடந்தது.

"அணைத் தண்ணீர் முறை எப்போது?"

"பன்னிரண்டு நாள் இருக்கிறது."

வெறுங்குடத்தோடு தூரத்தில் நின்ற பெண்களில் தம்பி மனைவியும் இருந்தாள். யரீம் அருகே வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மூத்தவரே, அடுத்த முறை தனியாக வாருங்கள். கோழி அடித்துப் போடுகிறேன்."

பொழுது சாயும்வரை அவன் காத்திருக்கவில்லை.

மறுநாள் சபை நிரம்பியிருந்தது. தீட்டிய வாள்கள் எல்லாம் வந்திருந்தன.

"சொல்லுங்கள், தளபதி" என்றாள் அரசி.

யரீம் முன்னால் வந்தான்.

"அவர்கள் என் ஆட்கள், தாயே."

"தெரியும்."

"அது என் ஊர்."

"தெரியும்."

பின்வரிசையில் யாரோ பொறுமை இழந்து வாளைத் தரையில் தட்டினார்கள். "போரா இல்லையா, அதைச் சொல்லும்!"

யரீம் திரும்பி அந்த ஆளைப் பார்த்தான்.

"உன் ஊர் எது?" என்று கேட்டான்.

எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுசெல்ல வேண்டிய கூட்டம் மூன்று நாள் தாமதமாகப் புறப்பட்டது. அதன் ஒட்டகங்களில் பாதி, தல்ஹானுக்குத் தண்ணீர் சுமக்கப் போயிருந்தன.