முன்வரிசை ஜெர்மனிக்காரர்

"அம்மா, நாளை என் தங்கை மகளுக்குக் கல்யாணம். என்னை ஜெர்மனிக்காரனாக வந்து உட்காரச் சொல்கிறார்கள்."

சாமியம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மடத்தில் அதைவிட அவசரமான வேலை அவளுக்கு இருந்ததில்லை. எதிரே உட்கார்ந்து பேசிய சீடர் ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவள்.

"ஜெர்மன் தெரியுமா?"

"தெரியாது. வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் தங்கையின் நிபந்தனை."

முப்பது வயதில் ஆவுடையப்பனின் உதட்டோரம் ஒரு வெண்புள்ளி விழுந்தது. நாற்பதில் உடம்பெங்கும் திட்டுகள். டீக்கடையில் அவருக்கென்று தனித் தம்ளர் வைத்தார்கள்.

ஐம்பதில், காதுமடலில் மிஞ்சியிருந்த கடைசிக் கறுப்பும் போயிற்று. தலைமுடியும் வெளுத்தது. வெளியூர் போனால் நாற்காலி போட்டார்கள்.

வெண்மையில் எல்லா நிறமும் அடக்கம் என்கிறது இயற்பியல். ஓவியர்களில் சிலர் அதை நிறமாகவே சேர்ப்பதில்லை. நம் ஜனங்களின் பாகுபாடு இரண்டையும்விடத் தெளிவானது. திட்டுத்திட்டாக இருந்தால் நோய். முழுக்க இருந்தால் நாடு.

நிச்சயதார்த்தத்தன்று சேலத்துச் சம்பந்தி ஆவுடையப்பனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "இவருக்கு எந்த தேசம்?" என்று தங்கை தெய்வானையிடம் விசாரித்தார். அவள் பயத்தில் ஜெர்மனி என்றுவிட்டாள்.

"நோய் என்று தெரிந்தால் பெண்ணே வேண்டாம் என்றுவிடுவார்களாம். தாய்மாமன் மாலையை எங்கள் பெரியப்பா மகன் போடப்போகிறான். நான் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும்."

"முன்வரிசை நல்ல இடமாயிற்றே."

"உடம்பெல்லாம் திட்டாக இருந்த காலத்தில், என் கையால் சோறு வாங்கித் தின்ற ஒரே பிள்ளை இந்தக் கல்யாணப் பெண்தான், அம்மா."

"அப்படியானால் மேடையேறிப் போடு."

"யார் விடுவார்கள்?"

சாமியம்மா ஒரு கடலையை வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"வெள்ளைக்காரன் எந்த ஊரில் கேட்டுக்கொண்டு ஏறினான்?"

மறுநாள் ஆவுடையப்பன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். மேடைப் படியில் நின்றிருந்த சேலத்து இளவட்டங்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். ஒருவன் கைகொடுத்து ஏற்றியும் விட்டான்.

பெரியப்பா மகனிடம் மாலைக்குக் கை நீட்டினார். அவன் தெய்வானையைப் பார்த்தான். தெய்வானை தூணைப் பார்த்தாள்.

மாலை மணப்பெண் கழுத்தில் விழுந்தது. செண்பகவல்லி நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நேரம் அங்கே என்ன பண்ணீங்க மாமா? வேற யாரு வந்தாலும் தலையைக் குனியறதில்லைன்னு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற சம்பந்தி திரும்பினார்.

"மாமாவா?"

"என் தாய்மாமன். ஜெர்மனியெல்லாம் இல்லை. தோல் வெளுத்துப்போச்சு, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

மேளம் நின்றது. தெய்வானை தூணைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி ஆவுடையப்பனின் கையை எடுத்தார். புறங்கையைப் பார்த்தார். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"முழுசா வெளுத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபது."

சம்பந்தி மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"என் தம்பிக்கு இன்னும் பாதிதான் ஆகியிருக்கு. எந்த தேசம்னும் சொல்லிச் சமாளிக்க முடியலை. வேனை விட்டு இறங்காதடான்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் ஐயரிடம் திரும்பினார்.

"முகூர்த்தத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"பத்து நிமிஷம்."

"போதும்" என்று செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.