சுருதி சேர்ந்த அரங்கேற்றம்

ஐம்பது வயதில் மிராசுதார் தில்லைநாயகத்துக்குப் பாட்டுக் கற்கும் ஆசை வந்தது, சுருதிதான் வரவில்லை. "உங்க குரல் தங்கம். சுருதிப் பெட்டிதான் சேரமாட்டேங்கறது" என்று பழியைப் பெட்டிமேல் போட்டுத் தப்பித்துக்கொண்டார் சொல்லிக்கொடுத்த பாகவதர்.

அந்தப் பெட்டியைப் போடுகிறவன் காத்தமுத்து. அவனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பெட்டியைக் கேட்டுக் கேட்டே, யாரும் சொல்லித் தராமல், சுருதி பிசகாமல் வாய்க்குள் பாடப் பழகியிருந்தான்.

"டேய், நாளைக்கு அரங்கேற்றம். பெட்டி என் பாட்டோட சேரலேன்னா, நீ குடியிருக்கிற மனையைக் காலி பண்ணிடு" என்றார் மிராசுதார்.

"சேர்த்துப்புடுறேனுங்க."

மறுநாள் மிராசுதார் கத்தித் தீர்த்தார். "ஆகா, சுருதி இம்மி பிசகலை!" என்று பாகவதர் எழுந்து தலையாட்ட, பந்தலே கைதட்டியது.

காத்தமுத்து பெட்டியைத் தூக்கிக் காட்டினான். துளையெல்லாம் மெழுகு. "சத்தமே வராம அடைச்சுப்புட்டேனுங்க. இனிமே சேராம எங்க போவும்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மிராசுதார் மெழுகைத் தடவிப் பார்த்தார். "இப்படியே இருக்கட்டும்" என்றார்.

மனை தப்பியது. மிராசுதார் பாடுவதுதான் பாட்டு என்று ஊர்க்காதும் பழகிப்போனது. ஒருநாள் வரப்பில் நடந்துகொண்டே காத்தமுத்து வாய்விட்டுப் பாடினான். நடவு நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"பெட்டி போடுறவனுக்கே சுருதி சேரலையே!"